கண்ணாடி இல்லாத வளையம்

பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்டுவதற்கு நடுவில் ஒரு வளையம் வேண்டும். அடாப்டர் என்று பெயர். வளையலைவிடச் சிறியது. ஒரு பக்கம் லென்ஸைத் திருகி உட்காரவைக்கும் மரை, மறுபக்கம் கேமராவின் வாயில் பொருந்துகிற காதுகள். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அதைப் பற்றி இணையத்தில் ஆம்பிளைகள் போடும் சண்டையைப் பார்த்தால் சொத்துத் தகராறு தோற்றுவிடும். கண்ணாடி வைத்ததை வாங்கு, கண்ணாடி வைக்காததை வாங்கு, சிப் வைத்ததை வாங்கு, எதையும் வாங்காதே, புதுக் கேமராவாக வாங்கித் தொலை. எனக்கு இந்தச் சண்டை எதுவும் தேவையில்லை. என் அப்பாவின் லென்ஸ் என் கணவரின் கேமராவில் உட்கார வேண்டும். இருவரும் இப்போது இல்லை. அவர்கள் நடுவில் ஒரு வளையத்தை வாங்கி மாட்டுவதுதான் அந்த வருடம் நான் எனக்கென்று செய்துகொள்ள நினைத்த ஒரே காரியம்.

லென்ஸ் என்னிடம் வந்த கதை சின்னது. அப்பாவிடம் ஒரு ரஷ்யக் கேமரா இருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெட்டியிலிருந்து வெளியே வரும். எங்களை வெயிலில் நிற்கவைத்து, கண்ணைச் சுருக்காதே என்று அதட்டி, நாங்கள் கண்ணைச் சுருக்கிய பிறகு எடுப்பார். அவர் போன பிறகு கிழக்குத் தாம்பரம் வீடு அண்ணனுக்கு என்று ஆனது. அப்பா விரலில் இருந்த பச்சைக்கல் மோதிரமும் அண்ணனுக்கு. கேமராவும் அண்ணனுக்கு. நான் வாயைத் திறக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பிறகு அண்ணன் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தபோது கேமரா பெட்டி பரணிலிருந்து இறங்கியது. ஷட்டர் இறுகிப்போன கேமராவைத் துடைத்துப் புது ஹாலில் ஷோகேஸில் வைத்துக்கொண்டார்கள். லென்ஸைக் கழற்றிய அண்ணிக்குத் திரும்ப மாட்டத் தெரியவில்லை. ஸ்வீட் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார்கள்.

"உனக்குத்தான் இதுல எல்லாம் இன்ட்ரஸ்ட் ஆச்சே, வெச்சுக்கோ" என்றார் அண்ணன். எனக்கு ஏதோ எழுதிக் கொடுத்தது போல அவர் முகத்தில் ஒரு நிறைவு.

கேமரா என் கணவருடையது. கண்ணாடி மடங்கி எழுந்து 'டப்'பென்று சத்தம் போடும் பழைய டிஜிட்டல் ரகம். ஞாயிற்றுக்கிழமை வண்டலூருக்குப் போய் நீர்யானை தூங்குவதை எடுப்பார். அடுத்த ஞாயிறும் போய் அதே நீர்யானை அதே இடத்தில் தூங்குவதை எடுப்பார். எனக்குப் பொறுமை போய்விடும். மனிதர் ஒரு நாள் காலையில் பால் பாக்கெட் வாங்கப் போனவர், மாடிப்படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அப்புறம் நானே கேமராவை எடுத்துப் பழகினேன். பழக்கம் எனக்குப் புதிது இல்லை. குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பிழைப்பவள் நான். தெளிவாகத் தெரிவதும் தெரியாமல் போவதும் ஒரு மயிரிழைத் திருகலில் இருக்கிறது என்பது நான் தினமும் பார்க்கிற சங்கதி.

கணவர் போன பிறகு எனக்கு இடம் மாறிப்போனது. வீடு மாறவில்லை, அதே கேம்ப் ரோடு வீடுதான். விசேஷ வீடுகளில் நான் நிற்கும் இடம் மாறியது. வாசலில் குங்குமம், சந்தனம் நீட்டுகிற பெண்ணின் கை என்னிடம் வந்ததும் ஒரு கணம் தயங்கி, எனக்குப் பின்னால் நிற்பவளிடம் போகும். பத்திரிகை கொடுக்க வருபவர்கள் தட்டோடு நீட்டாமல் மேஜைமேல் வைப்பார்கள். யாரும் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொன்னால் திருப்பிக் கொடுக்கலாம். எல்லாரும் அன்பாக ஒதுக்குவார்கள். அதுதான் பெரிய பேஜார்.

இப்போது அண்ணனின் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குக் குழந்தை இல்லை. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் அவளைப் பள்ளி வேன் என் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடும். அப்போது எனக்குக் காலை ஷிஃப்ட். அவள் வருவதற்கு முன்னால் வந்து தோசை ஊற்றிவைப்பேன். காய்ச்சல் வந்தால் என் வீட்டில் படுப்பாள். அவள் பெரியவளானதும் என் வீட்டில்தான். முதலில் என்னிடம்தான் சொன்னாள், அண்ணிக்கு நான்தான் போன் போட்டேன். முதல் தண்ணீர் ஊற்றியது நான். அது அத்தை முறை. பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அவளை மணையில் உட்காரவைத்து ஊற்றினேன். என் கணவர் அன்று உயிரோடு இருந்தார், அதனால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் எனக்கு இந்த லென்ஸ் யோசனை வந்தது. அப்பாவின் லென்ஸால் அவர் பேத்தியை எடுக்க வேண்டும். அவர் எங்களைக் கண்ணைச் சுருக்கவைத்தே எடுத்தார். நான் இவளை நிழலில் உட்காரவைத்து நிதானமாக எடுப்பேன்.

ஜி.எஸ்.டி. சாலையில் கேமரா ரிப்பேர் பார்க்கும் ஒரு கடைக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம், எங்க நைனா காலத்துது கணக்கா கீது. சார் இத வெச்சுகினு இன்னா பண்ணப் போறாரு?"

"சார் இல்ல. நான்தான் எடுக்கப் போறேன்."

"ஓ. பையன் யூடியூப்ல பாத்துட்டு கேட்டானா?"

சாரும் இல்லை பையனும் இல்லை என்று அந்த ஆளிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அடாப்டர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நம்மகிட்ட இல்ல. ஆன்லைன்ல போட்டுக்கோங்க. ஆனா கண்ணாடி வெச்சது மட்டும் வாங்கிடாதீங்க மேடம், படம் சொதப்பிடும். வெறும் வளையம் வாங்குங்க. அதான் ஒரிஜினல் லுக்கு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. வெறும் வளையத்தை வரவழைத்தேன். நல்ல பித்தளை, கறுப்புப் பூச்சு. லென்ஸைத் திருகினேன், கேமராவில் மாட்டினேன், 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுகிறோம் என்று ஆராய்ச்சி பண்ணாமல் கொஞ்ச நேரம் அழுதேன்.

மொட்டை மாடிக்குப் போய்க் கேமரா வழியாகப் பார்த்தால், எதிர் மாடி இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. ரயில் பாதைப் பக்கம் தெரிகிற உயரமான கட்டடங்கள் இல்லை. எல்லாம் கரைத்துவிட்ட கோலப்பொடி மாதிரி கிடக்கிறது. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதைதான். கடைசியில் துணிக்கொடியில் கையெட்டும் தூரத்தில் மாட்டியிருந்த ஒரு கிளிப் மட்டும் பளிச்சென்று வந்து நின்றது. அதன் துருப்பிடித்த கம்பிச் சுருள், உடைந்த மூக்கு எல்லாம் தெரிந்தது. அப்பாவின் லென்ஸுக்கு ஐந்தடிக்கு மேல் கண் தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு லென்ஸும் தனக்குப் பின்னால் பிம்பம் விழுகிற இடம் இவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்யப்படுகிறது. என் கணவரின் கேமராவில் அந்த இடம் ஏற்கெனவே கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. அதற்கு மேல் இந்த வளையத்தின் தடிமன் சேர்ந்தால் லென்ஸ் இன்னும் முன்னால் போய்விடும். ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். அந்தத் துளி விலகலுக்கே தூரத்தில் உள்ளது மொத்தமும் போய்விடுகிறது. பக்கத்தில் உள்ளது மட்டும் மிஞ்சுகிறது. இதை ஈடுகட்டத்தான் சில வளையங்களில் சின்னதாக ஒரு கண்ணாடியைப் பதித்து விற்கிறார்கள்.

சரி என்று கண்ணாடி வைத்ததையும் வாங்கினேன். இப்போது எதிர் மாடி வந்தது, தொட்டி வந்தது, ரயிலும் வந்தது. ஆனால் எல்லாவற்றின் மேலும் மோர் தெளித்தது போல ஒரு வெள்ளை. விளக்கு எதிரில் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்பாவின் நல்ல லென்ஸுக்கு யாருடைய மூக்குக்கண்ணாடியையோ மாட்டிவிட்டது போல இருந்தது.

பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் மூன்றாவது வழி சொன்னாள். "அக்கா, இப்ப வர்ற கேமராவுல உள்ள அந்த மடங்கற கண்ணாடியே கிடையாது. ஒல்லியா இருக்கும். அதுக்கு வெறும் குழாய் மாதிரி ஒரு அடாப்டர் போதும், கிட்டவும் தெரியும் தூரவும் தெரியும். பழசை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க." அவள் சொன்னது ரொம்பச் சரி. ஆனால் என் கணவரின் கேமராவில், கட்டைவிரல் பட்டுப் பட்டு ரப்பர் வழுவழுவென்று ஆன இடம் ஒன்று இருக்கிறது. பிடித்தால் என் விரலும் அங்கேதான் போய் உட்காரும். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வளையங்களோடு நிறுத்திக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும் பத்திரிகையோடு வந்தார்கள். பத்திரிகையை மேஜைமேல் வைத்தார்கள். காபி குடித்தார்கள். அண்ணி ஜன்னல் திரை நன்றாக இருக்கிறது என்றார். அது அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த திரைதான். எதையோ சொல்ல வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது, நானாக எடுத்துக்கொடுக்கவில்லை.

"நீ ஒண்ணும் சிரமப்படாதம்மா" என்று அண்ணன் ஆரம்பித்தார். "வேலைக்கெல்லாம் ஆள் இருக்கு. நீ நல்லா போட்டோ எடுப்பியே, அதப் பாத்துக்கோ. ஹாலுக்குள்ள எங்க வேணா சுத்தி, ஜனங்கள, சிரிக்கறத, பேசறத எல்லாம் எடு. கேண்டிட். தூரமா நின்னு எடுத்தாதானே அது நல்லா வரும்?"

"பட்டம் கட்டறது?" என்றேன். எங்கள் பக்கம் கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் முறையும் அத்தை முறையும்.

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி டம்ளரைப் பார்த்தார். "அது... எங்க பெரியப்பா பொண்ணு கட்டட்டும்னு பேசி இருக்கு" என்றார் அண்ணி. "நாங்க இதெல்லாம் பாக்கற ஆளுங்களா? உனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீட்டுலதான் கொஞ்சம் பாப்பாங்க போலருக்கு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், பழைய மனுஷங்க. எதுக்கு வம்பு?"

அந்தப் பெரியப்பா பெண் அண்ணிக்கு உறவு, எனக்கு இல்லை. அத்தை முறையே கிடையாது. என் அண்ணன் மகளின் பெயரைக்கூட அவள் எப்போதும் தப்பாகத்தான் கூப்பிடுவாள். ஆனால் அவள் கணவர் திடகாத்திரமாக இருக்கிறார். நான் சரி என்று சொன்னேன். பெண் வீட்டுக்காரர்களுக்கு ஆயிரம் பயம் இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்ணாடி வைத்த வளையத்தை எடுத்து லென்ஸில் மாட்டிவைத்தேன். தூரத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள், தூரம் தெரிகிற வளையம்தானே வேண்டும்.

கல்யாண மண்டபம் முடிச்சூர் ரோட்டில். முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. மேடை முழுக்கக் குட்டி விளக்குகள், அவற்றின் எதிரில் என் லென்ஸ். நான் எடுத்த ஒவ்வொரு படத்திலும் பெண்ணும் மாப்பிள்ளையும் புகைக்குள் நிற்பது போல வந்தார்கள். ஓரமாக ஐஸ்கிரீம் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, பஞ்சால் லென்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அழுக்கு லென்ஸில் இல்லை என்று எனக்கே தெரியும்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பருத்த உடம்பு, சிரித்த முகம், கையில் இரண்டு ஐஸ்கிரீம். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"நீங்கதானே பொண்ணோட அத்தை? சாயங்காலத்துலேருந்து பாக்கறேன், கீழயே நிக்கறீங்க. குடும்ப போட்டோவுக்குக் கூட வரல. வாங்க மேல."

"இருக்கட்டுங்க. நான் போட்டோ எடுத்துட்டு இருக்கேன்."

"அதுக்கு அத்தனை பேர் இருக்காங்களே. பொண்ணு உங்களப் பத்தியே பேசும். எங்க அத்தைதான் வளத்தாங்கன்னு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க அண்ணன் சொன்னாரு. உங்களுக்கே இதெல்லாம் இஷ்டம் இல்ல, நீங்களாவே ஒதுங்கிக்குவீங்கன்னு. ஏங்க அப்படி? எங்க வீட்டுல யாருங்க அதெல்லாம் பாக்கறாங்க? எங்க அக்காவுக்கும் வீட்டுக்காரர் இல்ல. நாளைக்கு எம் பையனுக்கு எல்லாம் அவதான் முன்னாடி நின்னு செய்யப்போறா."

ஐஸ்கிரீம் கையில் உருகி மணிக்கட்டு வரைக்கும் வந்தது. என்னிடம் அவர்களைக் காட்டி, அவர்களிடம் என்னைக் காட்டி, அண்ணன் நடுவில் நல்லவராக நின்றுகொண்டார். அவ்வளவு நேர்த்தியாக அவர் வேறு எந்த வேலையும் செய்து நான் பார்த்ததில்லை. எனக்கு வந்தது துக்கம் என்று சொன்னால் பொய். கோபம். சுத்தமான, காரமான கோபம். மேடைமேல் அவர் யாரிடமோ கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார், விரலில் அப்பாவின் பச்சைக்கல் மின்னியது.

மறுநாள் காலை மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டே, இலை போடாத ஒரு மேஜைமேல் கேமராவை வைத்து, கண்ணாடி வைத்த வளையத்தைக் கழற்றினேன். கண்ணாடி இல்லாத வளையத்தை மாட்டினேன். இனிமேல் என்னால் தூரத்தில் நின்று எதையும் எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் ஐந்தடிக்குள் போயாக வேண்டும். என் காரியத்துக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. வாயால் சண்டை போடத் தைரியம் இல்லாதவளுக்கு ஒரு பித்தளை வளையம் சாக்கு.

மணப்பெண் அறையில் அவளை எடுத்தேன். காது ஜிமிக்கியை எடுத்தேன், மை தீட்டிய கண்ணை எடுத்தேன், நெற்றியில் புரளும் அந்தக் குட்டி முடியை எடுத்தேன். சின்ன வயதில் எண்ணெய் வைத்தாலும் அந்த முடி படியாது. அப்பாவின் லென்ஸ் கிட்டத்தில் எவ்வளவு நன்றாகப் பார்க்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவள் கன்னத்துப் பூனைமுடி வெளிச்சத்தில் பொன்னாகத் தெரிந்தது. அலங்காரம் செய்கிற பெண் கூட எட்டிப் பார்த்து, "எந்த லென்ஸ் மேடம்?" என்று கேட்டாள்.

"எங்க தாத்தாவோடது" என்று அண்ணன் மகள்தான் பதில் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, தாலி கட்டும்போது நீ கிட்டத்துலயே இரு. நான் நிமிந்து பாத்தா நீ தெரியணும். எனக்கு பயமா இருக்கு."

"இருக்கேன்டி" என்றேன்.

பட்டம் கட்டும்போது கீழேதான் நின்றேன். அந்தப் பெரியப்பா பெண் பட்டத்தைக் கோணலாகக் கட்டினாள், யாரோ சரிசெய்தார்கள். அதைக் கட்ட நான் ஆசைப்படவில்லை என்று சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். தாலிக்கு மட்டும் போக வேண்டும், அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

மேடைமேல் மூன்று புகைப்படக்காரர்கள், இரண்டு வீடியோக்காரர்கள், விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒருவர். ஐயர் அக்னியில் நெய் விடக் கை நீட்டினால் இவர்கள் முதுகு இடிக்கிறது. அவர்களில் ஒருவரிடமாவது, உன் பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை. பக்கவாட்டுப் படியில் நான் ஏறினேன். கேமரா கழுத்தில் இருந்ததால் ஜனங்கள் வழிவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா, நேற்று அந்த அம்மாள் சொன்ன அக்கா, மாப்பிள்ளைக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வீடியோக்காரர் ஒருவருக்கும் வாழைமரத்துக்கும் நடுவில் இடம் கிடைத்தது. மண்டியிட்டேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சம்தான் தூரம். இன்னும் ஒரு முழம் முன்னால் போனால் லென்ஸின் கண்ணுக்குள் அவள் வந்துவிடுவாள். முழங்காலாலேயே நகர்ந்தேன். கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று ஐயர் குரல் கொடுத்தார், மேளம் வெடித்தது, மாப்பிள்ளை கைகள் தாலியோடு அவள் கழுத்துக்குப் போயின. ஃபோகஸ் வளையத்தைத் திருகினேன், மஞ்சள் கயிறு தெளியத் தொடங்கியது.

அப்போது ஒரு கை குறுக்கே வந்தது.

திடுக்கிட்டதில் ஃபோகஸ் வளையம் பின்னால் சுழன்றது, என் விரல் ஷட்டரை அழுத்திவிட்டது. கேமராவை இறக்கிப் பார்த்தால் அண்ணன். என் பக்கம் குனிந்து, சிரித்த முகம் மாறாமல், மேளச் சத்தத்துக்குள் என் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னார்: "கீழ போம்மா. ப்ளீஸ். எனக்காக. யாராவது பாக்கப் போறாங்க."

அதட்டியிருந்தால் நான் உட்கார்ந்தே இருந்திருப்பேன். ப்ளீஸ் என்றார். நான் எழுந்து கீழே போய்விட்டேன். இதை நினைத்தால் அவர்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல்தான் இன்றைக்கும் அதிகமாக வருகிறது. அட்சதை பறந்து வந்து விழுந்தபோது நான் கடைசிப் படியில் இருந்தேன். என் தலையிலும் நாலு அரிசி விழுந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த மிகத் தெளிவான படம் அதுதான். அண்ணனின் உள்ளங்கை. ரேகை ஒவ்வொன்றும் தெரிகிறது. சந்தனம் காய்ந்து வெடித்த கோடுகள். தூவுவதற்காக வைத்திருந்த மஞ்சள் அரிசியில் சில மணிகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மோதிரம் உள்பக்கம் சுழன்றிருக்கிறது, பச்சைக்கல்லின் பட்டைகளை எண்ணலாம். ஆசீர்வாதம் பண்ண அரிசி வைத்திருந்த கையாலேயே என்னைத் தடுத்திருக்கிறார், வேறு கை ஓய்வாக இல்லை போலிருக்கிறது. விரல்களுக்குப் பின்னால் சிவப்பும் பொன்னும் குழம்பிக் கிடக்கின்றன. அதுதான் கல்யாணம். அதன் நடுவில் ஒரு வெளிறிய வட்டம், அவள் முகம். அது குனிந்திருக்கிறதா, நிமிர்ந்து என் பக்கம் பார்க்கிறதா, எவ்வளவு பெரிதாக்கினாலும் தெரியவில்லை. கண்ணாடி வைத்த வளையத்தை மாட்டியிருந்தால் புகைபோலவாவது தெரிந்திருக்கும். இதை மாட்டியதால் எனக்குக் கை தெரிந்தது, அவள் தெரியவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் இரண்டு தடவை போன் செய்தார், சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்டார், நன்றாக இருந்தது என்றேன். அவருக்கு மறந்தே போயிருக்கலாம். நல்லவர்களுக்கு இதெல்லாம் சீக்கிரம் மறந்துவிடும்.

மறுவீடு முடிந்து அவள் பெங்களூருக்குக் குடிபோன பிறகு ஒரு நாள் மதியம் கூப்பிட்டாள். மணப்பெண் அறையில் எடுத்த படங்களை அனுப்பியிருந்தேன், அவற்றைப் பற்றி ஆசையாகப் பேசினாள். கண் படத்தைப் பெரிதாக அச்சுப்போட்டு மாட்டியிருக்கிறாளாம். பிறகு கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்.

"தாலி கட்டும்போது நீ எங்க போன அத்தை? நான் நிமிந்து பாத்தேன். நீ இல்ல."

அப்படியென்றால் பார்த்திருக்கிறாள். அந்த வெளிறிய வட்டம் நிமிர்ந்துதான் இருந்திருக்கிறது. அவள் தேடியிருக்கிறாள், நடுவில் அண்ணன் கை இருந்ததால் நான் தெரியவில்லை, அல்லது நான் இறங்கின பிறகு பார்த்திருக்கிறாள். கூட்டத்தில் பின்னால் இருந்தேன் என்று சொல்லிவிட நாக்கு வரைக்கும் வந்தது. எத்தனையோ வருடமாக எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிவருகிறேன். ஆனால் இவளிடமும் அதைச் சொன்னால், நானாகவே ஒதுங்கிக்கொள்கிறவள் என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னது நிஜமாகிவிடும். இவள் ஒருத்தியாவது நான் வந்தேன் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

"அங்கதான் இருந்தேன். ஒரு போட்டோ அனுப்பறேன், பாரு" என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தப் படத்தை அப்படியே அனுப்பினேன். கீழே எதுவும் எழுதவில்லை.

பார்த்துவிட்டாள் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் வந்தன. எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தேன். அப்பா கையா என்று கேட்பாள், அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்பாள், அவரை விட்டுக்கொடுக்காமல் நான் என்ன சொல்வது என்றெல்லாம் யோசித்துவிட்டேன். கேட்டால் அழக்கூடாது என்றும் சொல்லிக்கொண்டேன்.

பதில் வந்தது.

"செம்ம ஆங்கிள் அத்தை!! அப்பா கைய மட்டும் எடிட் பண்ணி எடுத்துட்டு அனுப்பறியா? ஆல்பத்துல போட்டுடலாம்."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். கை யாருடையது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது எதற்கு நீண்டது என்று தெரியாமல் இருக்க அவள் குழந்தை இல்லை. எழுதினேன்: "கைய எடுத்துட்டா அதுல வேற எதுவுமே தெளிவா இல்லடா."

உடனே வந்தது பதில். "பரவால்ல அத்தை. ப்ளர்ரா இருந்தாதான் அழகு."

கூடவே ஒரு சிரிப்பு முகமும் அனுப்பியிருந்தாள். அவளை வளர்த்தது நான்தான்.